பிஎச்.டி. சேரப் போகிறீர்களா? வடசென்னைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், கொடுங்கையூர் பக்கத்திலிருந்து முதுகலை முடித்துவிட்டு ஆய்வுக்கு வர நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வீட்டிலோ தெருவிலோ கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விதி என்று நான் சொல்வதெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைகளில் இருப்பவை, வேறு எதையாவது சொன்னால் அங்கேயே குறிப்பிடுகிறேன். அவற்றுக்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகச் சில நிபந்தனைகள் வைத்திருக்கும். அந்தக் கையேட்டையும் சேருவதற்கு முன் முழுக்கப் படித்துவிடுங்கள்.

எம்.ஏ., எம்.எஸ்சி.க்கு அடுத்த படிப்புதானே? அதே மாதிரிதான் இருக்குமா?

சான்றிதழ் வரிசையில் அடுத்ததுதான். தினசரி வேலை முற்றிலும் வேறு. முதுகலையில் பாடத்திட்டம் இருக்கிறது, செமஸ்டர் இருக்கிறது, எந்த யூனிட்டிலிருந்து எந்தக் கேள்வி வரும் என்று சீனியர் சொல்லிவிடுவார். ஆய்வில் கேள்வியையே நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பதில் உங்கள் கைடுக்கும், அதாவது ஆய்வு வழிகாட்டிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதை ஆய்வு செய்யத் தேவையே இல்லை.

நன்றாகப் படித்து ரேங்க் வாங்கிய பிள்ளைகள்தான் இங்கே முதலில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நாம் எங்கே நிற்கிறோம் என்று இத்தனை காலம் மதிப்பெண் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே அப்படிச் சொல்ல எதுவும் கிடையாது. வாரம் முழுக்க உழைத்தும் கையில் காட்ட ஒன்றும் இல்லாத வாரங்கள் நிறைய வரும். அது முன்கூட்டியே தெரிந்திருந்தால், வரும்போது பயம் வராது.

சேர என்ன தகுதி வேண்டும்?

முதுகலையில் 55 சதவீதம். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள் 75 சதவீதம் வைத்திருந்தால் முதுகலை இல்லாமலே வரலாம். எம்.ஃபில். இப்போது இல்லை. ‘முதலில் எம்.ஃபில். போடு’ என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

சேர்க்கைக்குப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வும் நேர்முகத் தேர்வும் இருக்கும். 2024 ஜூன் முதல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே நுழைவுக்கு எடுத்துக்கொள்ளவும் வழி வந்திருக்கிறது. அப்படி எடுத்தால் நெட்டுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கு. எந்த வழியை ஏற்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

எத்தனை வருஷம் ஆகும்?

விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து இன்னும் 2 ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு, மொத்தம் 10க்கு மேல் போகக் கூடாது. முழுநேரமாகச் செய்கிறவர்கள் நான்கிலிருந்து ஐந்து ஆண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அந்தக் கணக்கையே சொல்லுங்கள். மூன்று என்று சொல்லிவிட்டால், நான்காவது ஆண்டில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? தலைப்பு முதலிலா, கைடு முதலிலா?

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குத்தான் பதில் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கைடுதான் முதலில். தலைப்பு எப்படியும் இரண்டு, மூன்று தடவை மாறும். கைடு மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஐந்து வருஷம் உங்கள் கையெழுத்து, உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம், நிம்மதி எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றி இருக்கப்போகிறது. அப்படி ஒருவரை பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து, இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பெரிய வளாகத்தில் பேராசிரியரைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சின்னக் கல்லூரியின் ஆய்வுத் துறையில் வாரா வாரம் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தித் தரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வகை ஆசிரியரிடம் சேரச் சொல்வேன்.

விசாரிக்கும் முறை இது. முதலில் ‘ஷோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேட்டில் இரண்டைத் திறந்து முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் படியுங்கள். இப்படி ஒன்று எழுத உங்களுக்கு ஆசை வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அவரிடம் இப்போது இருக்கிற ஸ்காலர்களைச் சந்தியுங்கள். துறைக்குள் வேண்டாம், வெளியே டீக்கடையில் பேசுங்கள். அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், சராசரியாக எத்தனை வருஷத்தில்? ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? வீட்டு வேலை, வங்கி வேலை, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலை எல்லாம் சொல்வாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முன் எதிரில் இருப்பவர் சுற்றிமுற்றிப் பார்த்தால், வேறு கைடைத் தேடுவது நல்லது.

விதியில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பேராசிரியர் ஒரு சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. ஆகவே இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஓய்வு பெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. அவர் ஓய்வு பெறும் ஆண்டைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

கேட்கவே கூச்சப்படும் கேள்வி. ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான், அறிவு இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்ததில்லை.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் மதிப்பீட்டில் தேறி எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனால் 42,000. இந்தத் தொகை 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் 5 ஆண்டு வரை வரும். நெட் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுழற்சியும் டிசம்பர் சுழற்சியுமாக நடக்கிறது. ஜேஆர்எஃப்-க்கு வயது வரம்பு 30, பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு. பிஎச்.டி. சேர வயது வரம்பு கிடையாது.

எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகைகள் தனியாக இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழக அரசும் ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தருகிறது. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. பொறியியல் பக்கம் ஐஐடி போன்ற இடங்களில் கேட் என்ற பொறியியல் தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாத உதவித்தொகையோடுதான் சேர்ப்பார்கள். அறிவிப்பு வரும் காலத்தைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும், ஆகவே துறை அலுவலகப் பலகையைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உதவித்தொகை சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வராது. சேர்ந்த ஆவணங்கள் போய், சரிபார்த்து, முதல் தொகை வர மாதங்கள் ஆகும். பிறகும் உங்கள் நிறுவனம் மாதாமாதம் உறுதிப்படுத்தி அனுப்பினால்தான் பணம் நகரும். மூன்று மாதத் தொகை ஒன்றாக வருவதும் நடக்கும். அதை நம்பி பைக்குக்கோ வீட்டுச் சாமானுக்கோ இஎம்ஐ போடாதீர்கள். முடிந்தால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு உள்ளே வாருங்கள். வீட்டில் உங்கள் வருமானத்தை எதிர்பார்க்கும் நிலை இருந்து, உதவித்தொகையும் உறுதியாகவில்லை என்றால், ஒரு வருஷம் வேலைக்குப் போய்க்கொண்டே நெட்டுக்குத் தயாராவதுதான் என் பரிந்துரை. ஒரு வருஷம் தள்ளிப்போவதால் ஆய்வு எங்கும் ஓடிவிடாது.

முதல் ஆண்டில் என்னதான் செய்வோம்?

கோர்ஸ்வொர்க் என்று சில தாள்கள் இருக்கும், குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியல், ஆய்வு நெறிமுறை, உங்கள் துறை சார்ந்த தாள் எல்லாம் அதில் வரும். 55 சதவீதம் எடுத்தால்தான் தொடரலாம். ‘இது ஒரு ஃபார்மாலிட்டி’ என்று சீனியர்கள் சொல்வார்கள். புள்ளியியல் தெரியாத கலைத்துறைப் பிள்ளைகளும், கட்டுரை எழுதிப் பழகாத அறிவியல் பிள்ளைகளும் இந்தக் காலத்தில் அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் ஆண்டில் திண்டாடுவார்கள்.

அப்புறம் உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் ஆலோசனைக் குழுவின் கூட்டம். நம் ஊரில் ‘டிசி மீட்டிங்’ என்பார்கள். செமஸ்டருக்கு ஒரு தடவை அவர்கள் முன்னால் நின்று இதுவரை செய்ததைச் சொல்ல வேண்டும். முதல் தடவை கேள்விகள் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். உங்களைக் கீழே தள்ளுவதற்காகக் கேட்பதாகத் தோன்றும், ஆனால் அந்தக் கேள்விகளை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் அடுத்த ஆறு மாத வேலை கையில் கிடைத்துவிடும். தெரியாததற்கு ‘தெரியாது சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லப் பழகுங்கள். அதற்காக யாரும் மதிப்பைக் குறைக்க மாட்டார்கள்.

வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு அல்லது ஆய்வகப் பொறுப்பு தரலாம் என்றும் விதி சொல்கிறது. அதற்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் அந்த எண்ணைப் பணிவாக நினைவுபடுத்தலாம்.

மீதி நேரமெல்லாம் படிப்பதுதான். இங்கே ஒரு வேலைமுறை சொல்கிறேன். ஒவ்வொரு கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: இவர் என்ன கேட்டார், எப்படித் தேடினார், என்ன கண்டார், எனக்கு எங்கே சந்தேகம். கூடவே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண். நான்காவது வரிதான் முக்கியம். முதல் மாதங்களில் அந்த வரி காலியாகவே கிடக்கும், ஏனென்றால் அச்சில் வந்ததெல்லாம் சரி என்றே தோன்றும். நாள் போகப் போக அந்த இடத்தில் ஏதாவது எழுத வரும். ‘இவர் ஆண்களை மட்டும்தானே கேட்டிருக்கிறார்’, ‘மழைக்காலத்தில் ஏன் அளக்கவில்லை’ என்று. அப்படி ஒரே சந்தேகம் நான்கைந்து கட்டுரைகளில் வந்தால், உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கே இருக்கிறது. மேற்கோள் விவரங்களைச் சேமிக்க ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் போதும், முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள்.

ஆறு மாதம் ஆச்சு, ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கு. நான் இதுக்கு லாயக்கு இல்லையா?

இதை என்னிடம் அழுதுகொண்டே கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் பலர் இன்று முனைவர்.

எல்லாருக்கும் வருவது இது. நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே வரும். பக்கத்து மேஜையில் இருப்பவரின் அப்பா பேராசிரியர், அவர் சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டுக் கற்றுக்கொண்டதை நீங்கள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறீர்கள். சினாப்சிஸ் என்றால் என்ன, இம்பாக்ட் ஃபேக்டர் என்றால் என்ன என்று கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் உண்மையான நஷ்டம். கேளுங்கள். துறையில் இரண்டு வருஷம் மூத்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேளுங்கள்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் அது படிப்புப் பிரச்சினை இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். கூப்பிடத் தயங்காதீர்கள்.

எங்கள் ஏரியாவையே ஆய்வுக்கு எடுக்கலாமா? சின்ன விஷயமாகத் தெரியாதா?

எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்றே சொல்வேன். வடசென்னையில் கேள்விக்கா பஞ்சம்? இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவானது பெரம்பூர் மில் தொழிலாளர்களால்தான். 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம், அனல் மின்நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெய். கொடுங்கையூர்க் குப்பைமேடு. கானா, கேரம், குத்துச்சண்டை. வரலாறு, வேதியியல், விலங்கியல், சமூகவியல், பொது சுகாதாரம் என்று எந்தத் துறைக்கும் இங்கே வேலை இருக்கிறது.

ஆனால் தெரிந்த இடம் என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களின் வருமானம்தான் தலைப்பு என்று வையுங்கள். விடியற்காலை ஏலத்தில் கேள்வித்தாளோடு போய் நின்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஏலத்தில் எடுத்த மீனுக்கு ஐஸ் போட்டு, ஆட்டோ பிடித்து, மார்க்கெட்டில் இடம் பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு. மதியம் விற்று முடித்து, பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காரும்போது போனால் பேசுவார்கள். அப்போதும் ‘ஒரு நாளைக்கு எவ்வளவுக்கா வரும்?’ என்று கேட்டால் ‘ஏதோ ஓடுது’ என்றுதான் பதில் வரும். எவ்வளவுக்கு எடுத்தீர்கள், ஐஸ் எவ்வளவு, ஆட்டோ எவ்வளவு, மிஞ்சியதை என்ன செய்தீர்கள், தண்டல் வட்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கணக்கு தானாக வெளியே வரும், பாதி நேரம் அந்த அக்காவே அதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்.

காலண்டரும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பிடிபடும் மீனை அளக்கும் ஆய்வு என்றால் அந்த இரண்டு மாதம் உங்களுக்கு விவரம் குறையும், படகுத் தொழிலாளர்களிடம் பேசும் ஆய்வு என்றால் அவர்களுக்கு நேரம் கிடைப்பதே அப்போதுதான். எண்ணூரில் தண்ணீர் மாதிரி எடுப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைக் கணக்கில் வைக்காமல் திட்டம் போட முடியாது.

சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் உங்களை ஆய்வாளராகப் பார்க்க மாட்டார்கள், ‘நம்ம புள்ள’ என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கடன், குடி, குடும்பச் சண்டை வரை. இது ஆய்வேட்டில் போகும் என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்கி, பெயரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுத வேண்டும். மனிதர்களிடம் விவரம் எடுக்கும் ஆய்வுக்கு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லை. என்ன செய்வது?

ஒரே அறையில் டிவி, தம்பி தங்கை, வந்து போகிறவர்கள் என்று இருக்கும் வீடு எனக்கும் தெரியும். வீட்டில் எழுதலாம் என்ற நினைப்பையே விட்டுவிடுவது நல்லது.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது, இந்தியாவில் அச்சாகும் நூல்கள் வந்து சேரும் நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்காரத் தனிப் பகுதி உண்டு. பழைய தமிழ் அச்சு நூல், இதழ் வேண்டும் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வரலாறு செய்பவர்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், கைடின் கடிதத்தோடு போங்கள். கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

போக்குவரத்து முன்பு பெரிய தலைவலி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, திருவொற்றியூரிலிருந்து ஒரே ரயிலில் கிண்டி வரை போகலாம். சேப்பாக்கம் போகிறவர்கள் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெண்களுக்குச் சாதாரண மாநகரப் பேருந்து இலவசம் என்பது களப்பணிச் செலவில் பெரிய மிச்சம்.

இன்னொன்று. நம் பகுதியில் தரைத்தள வீடுகளில் மழைக்குத் தண்ணீர் ஏறும். களக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே போனில் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். லேப்டாப்பில் இருப்பதற்கும் இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் எழுத வருமா?

வரும், நேரம் எடுக்கும். தினமும் உங்கள் துறைக் கட்டுரை ஒன்றில் ஒரு பத்தியைக் கையால் எழுதிப் பாருங்கள், துறையின் வாக்கிய அமைப்பு கையில் படியும். யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள். தெளிவாக யோசித்ததை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிவிடலாம். குழப்பமாக யோசித்ததை எந்த மொழியிலும் எழுத முடியாது.

கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

2022 விதிகளில் யுஜிசி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் சினாப்சிஸுக்கு, அதாவது ஆய்வேட்டுச் சுருக்கத்துக்கு முன் கட்டுரை கேட்கின்றன, உங்கள் கையேட்டில் பாருங்கள். வேலைக்குப் போகும்போதும் கேட்பார்கள். ‘ஒரு வாரத்தில் போடுகிறோம், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் மட்டும் போகாதீர்கள். ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யுஜிசி-கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே இதழின் தரத்தை நீங்களும் கைடும்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

காசு கொடுத்தால் தீசிஸே எழுதித் தருகிறார்களாமே?

தருகிறார்கள். வாங்காதீர்கள். 2018 கருத்துத் திருட்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும், 60 வரை போனால் ஒரு ஆண்டுக்குத் திருத்திய பிரதியைத் தரவே தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. மென்பொருளை ஏமாற்றிவிட்டாலும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உங்கள் அட்டவணையில் உள்ள ஒரு எண் எப்படி வந்தது என்று வெளித் தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதோடு ஆய்வேடு ஷோத்கங்காவில் எல்லாரும் பார்க்கக் கிடக்கும், பட்டம் வாங்கிய பிறகும் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேள்வி கேட்கலாம்.

பைண்டிங், டைப்பிங், படம் வரைவதற்குக் கடைகளுக்குப் போவது வேறு விஷயம். அது எல்லாரும் செய்வது.

கைடோடு ஒத்துப்போகவில்லை என்றால்?

கருத்து வேறுபாடும் அவமரியாதையும் ஒன்றல்ல. அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மையில் திரும்பி வந்தால் அவர் படித்திருக்கிறார் என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். சாதியைச் சொல்லிப் பேசுவது, நீங்கள் வரும் இடத்தைச் சொல்லிப் பேசுவது, உதவித்தொகையில் பங்கு கேட்பது, தவறாக நடந்துகொள்வது இவை எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேதியோடு எழுதி வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு, எஸ்சி எஸ்டி பிரிவு, மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், இது யுஜிசியின் வேறு விதிகளில் இருப்பது. தனியாகப் போகாமல், நம்பிக்கையான ஓர் ஆசிரியரையோ ஆய்வாளர் சங்கத்தையோ சேர்த்துக்கொண்டு போங்கள். எத்தனை வருஷம் போயிருந்தாலும் கைடை மாற்றிக்கொண்டு முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கல்யாணம் பார்க்கிறார்கள். ஆய்வு நின்றுவிடுமா?

நிற்க வேண்டியதில்லை. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊர் போனால் இதுவரை செய்த ஆய்வை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. இந்த இரண்டையும் பெண் பார்க்க வருகிற அன்றைக்கே இரு வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பெரியவர்கள் சொன்னாலும், மாப்பிள்ளையிடம் நேரில் ஒரு தடவை பேசித் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே செய்யலாமா?

பகுதிநேரம் உண்டு. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வேண்டும். கோர்ஸ்வொர்க்குக்கு விடுவிப்பார்கள் என்றும் அதில் இருக்க வேண்டும். பகுதிநேரத்துக்கு ஜேஆர்எஃப் கிடையாது. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாரத்தில் மாறாத ஒரே ஒரு பகல் பொழுதையாவது ஆய்வுக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடித்தால் வேலை உறுதியா?

உறுதி இல்லை. உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 2023 ஜூலை முதல் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும், பிஎச்.டி. கட்டாயம் இல்லை. அரசுக் கல்லூரி நிரந்தரப் பணியிடங்களுக்குப் போட்டி கடுமை, காத்திருக்கும் காலம் நீளம். இடையில் கௌரவ விரிவுரையாளராகவோ சுயநிதிக் கல்லூரியிலோ குறைந்த சம்பளத்தில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். வேலைக்காக மட்டும் என்றால் நெட், டிஆர்பி, டிஎன்பிஎஸ்சி பக்கம் நேராகப் போவது குறைந்த செலவு. ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, அதற்கு நானே பதில் காண வேண்டும் என்று இருந்தால் வாருங்கள். அப்போதும் ஆய்வோடு சேர்த்து நெட்டை எழுதி வையுங்கள்.

‘இன்னும் எத்தனை வருஷம்டா படிப்ப?’ என்று வீட்டில் கேட்டால்?

அம்மா அப்பாவை ஒரு நாள் துறைக்குக் கூட்டிப்போங்கள். உட்காரும் மேஜை, ஆய்வகம், நூலகம், கைடு எல்லாவற்றையும் காட்டுங்கள். வெறும் ‘படிப்பு’ என்று கேள்விப்பட்டதை ஒரு வேலையாகக் கண்ணால் பார்த்த பிறகு பல வீடுகளில் அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது.

சேரும் நாளில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா அசல் சான்றிதழ், சாதிச் சான்று, வேறு பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருந்தால் இடப்பெயர்வுச் சான்று, நெட் சான்றிதழ் இருந்தால் அது, புகைப்படம், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தின வாரமே பாருங்கள், மாறியிருந்தால் உதவித்தொகை தாமதமாக அதுவே போதும். அசலை எங்கே கொடுத்தாலும் தேதி போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.